சிவப்பு பட்டனை எத்தனை தடவை அழுத்தலாம்? தவறான பயன்பாடும் துஷ்பிரயோகமும்

எங்கள் வீட்டு மிக்ஸி ஒரு சாயங்காலம் அடைக்கு அரைக்கும்போது உயிரை விட்டது. ஊறவைத்த அரிசி, துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, காய்ந்த மிளகாய் எல்லாவற்றையும் பெரிய ஜாரில் கழுத்து வரை போட்டார் அம்மா. தண்ணீர் கூடினால் மாவு நீர்த்துப்போகும் என்று கையளவுதான் விட்டார். மூன்றாம் நம்பரில் வைத்தார். சத்தம் முதலில் கனத்தது, அப்புறம் இழுத்தது, அப்புறம் சட்டென்று நின்றது. அம்மா பதறவில்லை. மிக்ஸியைச் சாய்த்து அடியில் இருக்கும் சிவப்பு பட்டனை அழுத்தினார். ஓடியது. ஒரு நிமிடத்தில் மறுபடி நின்றது. மறுபடி பட்டன். இப்படி நாலு தடவை. ஐந்தாவது தடவை ஒரு வாசனை வந்தது. ரப்பர் எரிகிற மாதிரி, வார்னிஷ் காய்கிற மாதிரி, தொண்டையில் ஒட்டிக்கொள்கிற வாசனை. அதற்குப் பிறகு பட்டனை அழுத்தியும் பிரயோஜனம் இல்லை.

எங்கள் தெருமுனையில் மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். அடித்தட்டைக் கழற்றி மோட்டாரை வெளியே எடுத்துக் காட்டினார். செம்பு நிறத்தில் மின்ன வேண்டிய கம்பிச் சுற்று ஒரு பக்கம் முழுக்க வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தது.

"காயில் கருகிடுச்சு தம்பி. நின்னப்புறமும் பட்டனை அமுக்கி அமுக்கி ஓட்டினீங்களா?"

"ஆமாண்ணே, நாலஞ்சு தடவை."

"ஜாரை ரொப்புறது எல்லா வீட்லயும் நடக்கிறதுதான். அது தெரியாம பண்றது. அதுக்குத்தான் இந்தப் பட்டனையே வச்சிருக்கான். என்னால முடியலன்னு அது நின்னு சொல்லுதுல்ல? அதுக்கு மேலயும் அமுக்கினா, அது வேற."

அந்த 'அது வேற'யைத்தான் இந்தக் கட்டுரையில் விளக்கப் போகிறேன். ஒரு பொருளைத் தவறாகப் பயன்படுத்துவது ஒன்று. துஷ்பிரயோகம் செய்வது இன்னொன்று. இரண்டையும் ஒரே பேச்சில் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். குழப்பிக்கொள்வதால் தெரியாதவரைத் திட்டுகிறோம், தெரிந்தே செய்பவருக்கு உட்கார்ந்து பாடம் நடத்துகிறோம். இரண்டுமே பலிப்பதில்லை.

முதலில் மிக்ஸிக்குள் என்ன நடந்தது என்று பார்த்துவிடலாம். மோட்டார் சுற்றுகிற அதே தண்டில்தான் அதைக் குளிர்விக்கும் சின்ன விசிறியும் இருக்கிறது. ஜாரில் பாரம் கூடினால் மோட்டாரின் வேகம் குறையும். வேகம் குறைந்தால் அது மின்சாரத்தை அதிகமாக இழுக்கும், சூடு ஏறும். அதே நேரத்தில் விசிறியும் மெதுவாகச் சுற்றுவதால் காற்றும் குறையும். ஆக, சூடு ஏறுவதும் குளிர்ச்சி குறைவதும் ஒரே சமயத்தில் நடக்கின்றன. செம்புக் கம்பியின் மேல் மெல்லிய பூச்சு ஒன்று உண்டு. அது உருகிவிட்டால் கம்பியும் கம்பியும் ஒட்டிக்கொண்டு கதை முடிந்துவிடும். அந்த நிலை வருவதற்கு முன்னாலேயே இணைப்பைத் துண்டிக்கத்தான் ஓவர்லோடு பட்டன். ஜாரில் பாதி மாவை எடுக்காமல், மோட்டாரை ஆறவிடாமல் பட்டனை அழுத்தினால், நோய் அப்படியே இருக்க எச்சரிக்கையை மட்டும் வாயடைத்துவிட்டோம் என்று அர்த்தம். அட்டைப்பெட்டியில் '30 நிமிட ரேட்டிங்' என்று அச்சிட்டிருப்பார்கள். இந்த மோட்டார் இடைவிடாமல் ஓடுவதற்குச் செய்யப்பட்டதல்ல என்பதை அப்படிச் சொல்கிறார்கள்.

ஜாரை நிரப்பியது தவறான பயன்பாடு. நின்ற பிறகும் ஐந்து தடவை அழுத்தியது துஷ்பிரயோகம். நடுவில் நடந்தது ஒன்றே ஒன்றுதான்: மிக்ஸி நின்றது. அதாவது, விஷயம் தெரிந்துவிட்டது.

இரண்டு சொற்களையும் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'துஷ்' என்றால் கெட்ட, 'பிரயோகம்' என்றால் பயன்படுத்துதல். எழுத்துப்படி பார்த்தால் துஷ்பிரயோகமும் தவறான பயன்பாடும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் வழக்கு வேறு. "ஐயோ, தெரியாமல் தவறாகப் பயன்படுத்திவிட்டேன்" என்று சொன்னால் காதுக்கு இயல்பாக இருக்கிறது. "அந்த அதிகாரி தெரியாமல் அதிகார துஷ்பிரயோகம் செய்துவிட்டார்" என்று சொல்லிப் பாருங்கள். ஒட்டவே ஒட்டாது. தெரியாமல் செய்திருந்தால் அதைத் துஷ்பிரயோகம் என்றே சொல்லமாட்டோம். தெரிந்து செய்வது என்கிற பொருள் அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. துஷ்பிரயோகம் என்பது பேப்பரில் படிக்கிற சொல், வீட்டில் யாரும் சொல்வதில்லை என்பீர்கள். சரிதான். வீட்டில் அதற்கு வேறு பேர்: "அந்த வண்டியைப் போட்டு ஏன்டா இந்தப் பாடு படுத்துறே?" பாடு படுத்துவது என்றால், தாங்காது என்று தெரிந்தும் தாங்க வைப்பது.

இங்கே ஆரம்பத்திலேயே எல்லாரும் சறுக்குகிற இடம் ஒன்று இருக்கிறது. 'எதற்காகச் செய்யப்பட்டதோ அதைத் தவிர வேறு எதற்குப் பயன்படுத்தினாலும் தவறான பயன்பாடு' என்று பலர் விளக்கம் சொல்வார்கள். கேட்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் நம் வீடுகளில் பாதிப் பொருள் இந்த விளக்கத்தில் மாட்டிக்கொள்ளும். சேலை உடுத்துவதற்கு நெய்யப்பட்டது. அதை உத்தரத்திலோ கொக்கியிலோ கட்டினால் தூளி. நம்மில் எத்தனையோ பேர் அதில் தூங்கி வளர்ந்தவர்கள்தான். நைந்த பருத்திச் சேலையின் மெதுமெதுப்புக்கு ஈடான தொட்டிலை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஹார்லிக்ஸ் பாட்டிலில் கடுகு, பெயிண்ட் டப்பாவில் ரோஜாச் செடி, பழைய சைக்கிள் டயரில் குழந்தைகளின் ஓட்டம், இவை எதுவுமே தவறான பயன்பாடு இல்லை. பொருளின் குணத்தைச் சரியாகப் புரிந்துகொண்டு அதற்கு இன்னொரு வேலை கொடுக்கிறோம், அவ்வளவுதான். இதைக் கைத்திறன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்படியானால் தவறு எங்கே வருகிறது? பொருளின் குணம் புரியாத இடத்தில். பெயிண்ட் டப்பாவில் செடி வைக்கிற அதே கை, வயலில் காலியான பூச்சிமருந்து கேனைக் கழுவித் தண்ணீர் பிடிக்க வைத்துக்கொள்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், காலி டப்பா. ஆனால் எத்தனை தடவை கழுவினாலும் அந்த பிளாஸ்டிக்கின் உள்சுவரில் மருந்து ஊறியிருக்கும். இதைவிட நான் அதிகம் பயப்படுவது குளிர்பான பாட்டிலைப் பார்த்துத்தான். தெருவில் லிட்டர் கணக்கில் விற்கிற பினாயிலை, அல்லது மண்ணெண்ணெயை, நாம் சுலபமாக அந்த பாட்டிலில் பிடித்து வைக்கிறோம். குளியலறை மூலையில் அது நிற்கும். மூன்று வயதுக் குழந்தைக்கு அந்த பாட்டிலின் உருவம் ஒரே ஒரு சேதிதான் சொல்லும்: குடிக்கலாம். பெரியவர்கள் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, பாட்டிலும் உடையவில்லை. ஆனாலும் தவறான பயன்பாடுகளில் இதுதான் கொடியது. (அப்படிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மண்ணெண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கினால் ஆபத்து இன்னும் பெரிது. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், அந்த பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள்.)

ஆக, தவறான பயன்பாடு என்பது பொருளுக்கும் நமக்கும் நடுவில் இருக்கிற அறியாமை. யாராவது ஒருவர் வந்து சொன்னால் அது தீர்ந்துவிடும்.

துஷ்பிரயோகம் அப்படித் தீராது. அதற்கு இரண்டு முகங்கள். ஒன்று, மிக்ஸியில் பார்த்தது, பொருளையே வதைப்பது. மூன்று பேர் ஏறுகிற ஸ்கூட்டர், எஞ்சின் ஆயில் விளக்கு எரிந்தும் ஓட்டிக்கொண்டே இருக்கிற கார், ஒரே ப்ளக் பாயிண்டில் அயர்ன் பாக்ஸ், ஹீட்டர், இண்டக்‌ஷன் அடுப்பு மூன்றையும் மல்டிப்ளக் போட்டு மாட்டி, சுவரில் கருப்புத் தடம் விழுந்த பிறகும் அப்படியே விடுவது எல்லாம் இந்த வகை. சேதம் பெரும்பாலும் நம்மோடு நிற்கும்.

இரண்டாவது முகம் நுட்பமானது. அதில் பொருளுக்கு ஒரு கீறலும் விழாது. பொருள் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கும். கெட்டுப்போவது, அந்தப் பொருள் என்ன நம்பிக்கையில் நம் கைக்குக் கொடுக்கப்பட்டதோ அந்த நம்பிக்கை.

கேஸ் சிலிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வருவது 14.2 கிலோ. ஓட்டல், டீக்கடைக்கு என்று தனியாக இருப்பது 19 கிலோ. உள்ளே இருக்கிற வாயு இரண்டிலும் ஒன்றுதான், எரிகிற நெருப்பும் ஒன்றுதான். வீட்டு சிலிண்டரை டீக்கடையில் வைத்தால் டீ நன்றாகவே கொதிக்கும். எரிப்பதற்கு என்று செய்த பொருள் எரிகிறது. ஆகவே அங்கே தவறான பயன்பாடு என்று எதையும் காட்ட முடியாது. ஆனால் துஷ்பிரயோகம் இருக்கிறது. வீட்டு அடுப்புகளை மனத்தில் வைத்து விலையையும் விநியோகத்தையும் தனியாக வைத்திருக்கிறார்கள். அந்த வித்தியாசத்தைத் தன் கல்லாவுக்குத் திருப்பிக்கொள்வதுதான் அங்கே நடக்கிறது. 2000-ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட எல்பிஜி விநியோக ஒழுங்குமுறை ஆணையின்படி அது குற்றம். வீட்டில் நாலு ஈடு இட்லி சேர்த்து ஊற்றி அக்கம்பக்கத்தில் விற்றுப் பிழைக்கிற அக்காவையும், பெரிய கடை வைத்துப் பத்து வீட்டு சிலிண்டரை அடுக்கியிருப்பவரையும் என் மனம் ஒரே தராசில் வைக்க மறுக்கிறது. சட்டத்தின் கோடு ஒன்றுதான் என்றாலும், அந்த அக்காவுக்கு அப்படி ஒரு கோடு இருப்பதே பல நேரங்களில் தெரியாது. பத்து சிலிண்டர் அடுக்குகிறவர் அதைப் பின்கட்டில் அடுக்குகிறார். ஒளித்து வைப்பதிலேயே தெரிந்துவிடுகிறது.

இதை நான் ஒரு நல்ல அடையாளமாகவே வைத்துக்கொண்டிருக்கிறேன். தெரியாமல் தவறாகப் பயன்படுத்துகிறவர் எல்லார் முன்னாலும் செய்வார். துஷ்பிரயோகம் செய்கிறவர் கொஞ்சமாவது மறைப்பார்.

குடிநீர்க் குழாயிலும் இதைப் பார்க்கலாம். தெருவுக்குத் தண்ணீர் விடுகிற நேரம் காலை ஆறு மணி என்றால், ஐந்தே முக்காலுக்கு ஒரு வீட்டில் சின்ன மோட்டார் ஓட ஆரம்பிக்கும். இணைப்புக் குழாயிலேயே மாட்டி உறிஞ்சுகிற மோட்டார். மேல் வீட்டுத் தொட்டி நிறையும்போது நாலு வீடு தள்ளி இருக்கிற குழாயில் புஸ்ஸென்று காற்றுதான் வரும். அது அவருக்குத் தெரியும், அதனால்தான் மோட்டாரைச் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறார். ஆனால் அவருக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. மோட்டார் உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் வெளியே இருப்பதைவிடக் குறைந்துவிடும். பூமிக்கடியில் குழாயில் எங்காவது வெடிப்போ தளர்ந்த இணைப்போ இருந்தால், பக்கத்தில் தேங்கியிருக்கிற சாக்கடை நீர் அந்த வழியே உள்ளே இழுக்கப்படும். முதலில் அது போய்ச் சேருவது உறிஞ்சுகிறவர் தொட்டிக்குத்தான். தண்ணீரை எடுப்பது தெரிந்து செய்தது, சாக்கடையை இழுப்பது தெரியாமல் செய்தது. ஒரே மோட்டாரில் இரண்டும் இருக்கின்றன. நேரில் போய் "ஏங்க இப்படி அநியாயம் பண்றீங்க" என்று கேட்டால் சண்டைதான் வரும். சாக்கடை விஷயத்தைச் சொன்னால் ஒரு நிமிடம் நின்று யோசிப்பார். என் அனுபவத்தில் அது வேலை செய்திருக்கிறது.

ரயிலில் இருக்கிற அபாயச் சங்கிலியை விட்டுவிட்டு இந்தப் பேச்சை முடிக்க முடியாது. சங்கிலியை இழுத்தால் பிரேக் குழாயில் இருக்கிற காற்று வெளியேறும், அழுத்தம் குறையும், அதனால் பிரேக் பிடிக்கும். யார் இழுத்தது, எதற்கு இழுத்தது என்று அந்தக் குழாய்க்குத் தெரியாது. ஏறும்போது கால் இடறிப் பிளாட்பாரத்தில் விழுந்தவருக்காக இழுத்தாலும், தன் ஊர் பக்கத்தில் வண்டி நிற்காது என்பதற்காக இழுத்தாலும் ஒரே மாதிரிதான் நிற்கும். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 141-ஆவது பிரிவு, போதிய நியாயமான காரணம் இல்லாமல் இழுத்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. இது பெட்டியிலேயே எழுதியிருக்கும். ஆனால் அந்தப் பிரிவுக்குள் இன்னொரு வரி இருக்கிறது, அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். தகுந்த காரணம் இருந்தால் ஒழிய, முதல் தடவை குற்றம் உறுதியானால் தண்டனை 500 ரூபாய் அபராதத்துக்குக் குறையக்கூடாது. இரண்டாவது தடவை என்றால் மூன்று மாதச் சிறைக்குக் குறையக்கூடாது. மிக்ஸி அண்ணன் சொன்ன அதே கணக்கு. முதல் தடவையையும் அதற்குப் பிறகு வருவதையும் சட்டமும் ஒன்றாக எடை போடவில்லை.

மருந்து டப்பாவுக்குள்

இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்ட விஷயமாக மாறுகிற இடம், நம் வீட்டு மருந்து டப்பா. பிஸ்கட் டின்னோ பழைய இனிப்புப் பெட்டியோ, ஏதோ ஒன்று எல்லார் வீட்டிலும் இருக்கும். அதைத் திறந்து பார்த்தால் பாதி தீர்ந்த ஆன்டிபயாடிக் அட்டை ஒன்று கண்டிப்பாகக் கிடக்கும். போன வருடம் தொண்டைப் புண்ணுக்கு டாக்டர் ஐந்து நாளைக்கு எழுதியது. இரண்டாம் நாளே வலி விட்டுவிட்டதால் மிச்சம் அப்படியே நின்றுவிட்டது. இந்த வருடம் மூக்கொழுகினால் அதிலிருந்து இரண்டு. சாதாரண ஜலதோஷம் வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும். ஜலதோஷத்துக்கு அது ஒன்றும் செய்யாது. ஆனால் உடம்பில் வேறு வேலையாக இருக்கிற பாக்டீரியாக்களுக்கு, இந்த மருந்தைத் தாக்குப்பிடிக்கக் கற்றுக்கொள்ள அது ஒரு வாய்ப்பு. பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945-இல் நோபல் உரையிலேயே இதைச் சொல்லி எச்சரித்தார். விவரம் தெரியாத ஒருவர் குறைந்த அளவில் மருந்தைச் சாப்பிட்டு, கிருமியைக் கொல்லாமல் பழக்கிவிடுவார் என்பதுதான் அவர் பயம். கவனியுங்கள், அவர் பயந்தது விவரம் தெரியாதவரைப் பார்த்து.

அவருக்குச் சொன்னால் புரியும். "அண்ணே, போன தடவை குடுத்த அதே மாத்திரை ரெண்டு குடுங்க" என்று கேட்பவருக்கு, விவரம் தெரிந்தும் சீட்டு கேட்காமல் நீட்டுகிற கை இருக்கிறதே, அதற்கு வெறும் விளக்கம் போதாது. அதனால்தான் 2014 மார்ச் முதல் ஹெச்1 அட்டவணை என்று ஒன்று நடைமுறைக்கு வந்தது. அதில் இருக்கிற ஆன்டிபயாடிக் போன்ற மருந்துகளை விற்றால் எழுதிக்கொடுத்த டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். வாங்குகிறவருக்கு விளக்கம், விற்கிறவருக்குப் பதிவேடு. மருந்து ஒன்றுதான், இரண்டு பேருக்கும் இரண்டு வழி.

மருத்துவர்கள் பேசும்போது இன்னும் ஒரு கோடு போடுவார்கள். குணமாக வேண்டும் என்கிற நோக்கத்தோடு, ஆனால் சொன்ன அளவையோ நாளையோ மீறிச் சாப்பிட்டால் தவறான பயன்பாடு. போதைக்காகச் சாப்பிட்டால் துஷ்பிரயோகம். இருமல் மருந்தும் வலி மாத்திரையும் இரண்டு பக்கமும் போகக்கூடியவை. ஆனால் நிஜமான வலிக்கு ஆரம்பித்து, பிறகு விட முடியாமல் மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த இரண்டு சொல்லுமே பொருந்தாது. அது நோய், அதற்குச் சிகிச்சை உண்டு. அவர்களைத் துஷ்பிரயோகம் செய்தவர் என்று முத்திரை குத்தினால் டாக்டரிடம் போகவே கூச்சப்படுவார்கள். தயவுசெய்து அந்தச் சொல்லை அங்கே எடுக்காதீர்கள்.

ஒரே டியூப்பில் இரண்டும் இருந்ததை நான் மிகக் கிட்டத்தில் பார்த்தேன். என் சித்தி பெண், கல்லூரியில் படிக்கிறவள், ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்தாள். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கன்னம் இரண்டும் மிளகாய் அரைத்துப் பூசியது போலச் சிவந்திருந்தது. தோல் அவ்வளவு மெல்லிசாகி, உள்ளே ஓடுகிற சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் நூல் மாதிரி தெரிந்தன. "வெயில்ல போனா எரியுதுண்ணா" என்றாள். என்ன போடுகிறாய் என்று கேட்டேன். கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். குளோபெட்டசால். சொரியாசிஸ் என்கிற செதில் படைக்கும் கரப்பானுக்கும் கொடுக்கிற, மேல்பூச்சு ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகையைச் சேர்ந்தது. தோழி ஒருத்தி முகம் வெளுக்கும் என்று சொல்லியிருக்கிறாள். முதல் இரண்டு வாரம் வெளுக்கவும் செய்திருக்கிறது. அப்புறம் பரு, அப்புறம் சிவப்பு. நிறுத்தினால் இன்னும் மோசமாகிறது என்பதால் மறுபடி பூசியிருக்கிறாள். எட்டு மாதம்.

"கடையில ஒண்ணும் சொல்லலையா?"

"தினமும் போடலாம், ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னாங்கண்ணா."

அவள் செய்தது தவறான பயன்பாடு. ஒரு நல்ல மருந்தைத் தெரியாமல் தவறான இடத்தில், தவறான காலத்துக்குப் பூசிக்கொண்டாள். விற்றவர் செய்ததோ வேறு. மருந்துக்கடை நடத்தும் ஒருவருக்கு அந்த டியூப்பில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. 2018-இல் இப்படிப்பட்ட ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் மத்திய அரசு சேர்த்துவிட்டது. ஒரு பெண் தன்மேல் வைத்த நம்பிக்கையை மாதாமாதம் ஒரு டியூப்பாக அவர் விற்றிருக்கிறார். ஆனால் வீட்டில் திட்டு விழுந்தது யாருக்கு? அவளுக்குத்தான். "அழகுப் பைத்தியம்" என்று சித்தி மண்டபத்திலேயே கத்தினார். எனக்கு மனசே ஆறவில்லை. நிறத்தை வைத்து அவளை அந்தக் கடை வரை தள்ளியதில் நம் வீட்டுப் பேச்சுக்கும் பங்கு உண்டு. தோல் டாக்டரிடம் அழைத்துப் போனோம். படிப்படியாகக் குறைத்து நிறுத்த மாதங்கள் பிடித்தன. (இப்படிப் பூசிக்கொண்டிருப்பவர் யாராவது இதைப் படித்தால், பயந்து போய் இன்றைக்கே நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். முதலில் தோல் டாக்டரைப் பாருங்கள்.)

பாறு கழுகு சொல்லித் தருவது

இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டு செயல்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்து மிகச் சிறந்த உதாரணம் ஒரு வலி மருந்து. டைக்ளோஃபெனாக். மூட்டுவலிக்கு நாம் போட்டுக்கொள்கிற அதே மருந்துதான். கால்நடைகளுக்கும் அதைக் கொடுத்து வந்தார்கள், அப்போது அது அனுமதிக்கப்பட்ட முறையான பயன்பாடு. நோவு கண்ட மாட்டுக்கு ஊசி போட்ட விவசாயி மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

ஆனால் 90-களில் பாறு கழுகுகள் காணாமல் போக ஆரம்பித்தன. செத்த மாட்டைத் தின்று ஊரைச் சுத்தமாக வைத்திருந்த பறவைகள். 90-களின் தொடக்கத்திலிருந்து 2007-க்குள், வெண்முதுகுப் பாறு கழுகுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் இந்தியாவில் அழிந்துவிட்டன. காரணம் 2004-இல் தெரிந்தது. டைக்ளோஃபெனாக் போட்ட மாடு சில நாளில் செத்து, அந்த இறைச்சியைக் கழுகு தின்றால், அதன் சிறுநீரகம் செயலிழந்துவிடுகிறது.

2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. அதுவரை நடந்தது அறியாமை. அதற்குப் பிறகு நடந்ததற்கு வேறு பெயர். மனிதர்களுக்கான ஊசி மருந்து 30 மில்லி குப்பிகளில் வந்துகொண்டிருந்தது. ஒரு மனிதருக்கு ஒரு தடவை போட 3 மில்லி போதும். அவ்வளவு பெரிய குப்பி மாட்டுக்குத்தான் வசதி. 'மனிதர்களுக்கு' என்று எழுதிய குப்பி தொழுவத்துக்குப் போனது.

இங்கே வெறுமனே நோட்டீஸ் அடித்து ஒட்டிக்கொண்டிருந்திருக்கலாம். பிரச்சாரமும் நடந்தது, அது தெரியாத விவசாயிக்குப் போய்ச் சேர்ந்தது, சிறுநீரகத்தைக் கெடுக்காத மெலாக்சிகாம் என்கிற மாற்று மருந்தும் அவருக்குக் கிடைத்தது. ஆனால் தெரிந்தே விற்றவர்களுக்காகச் செய்தது வேறு. 2015-இல் குப்பியின் அளவையே மாற்றினார்கள். மனிதர்களுக்கான டைக்ளோஃபெனாக் ஊசி மருந்து 3 மில்லி, ஒரு தடவைக்கு ஒரு குப்பி, அதற்கு மேல் கூடாது. நோயாளிக்கு எந்தக் குறையும் இல்லை. மாட்டுக்குப் போட வேண்டுமானால் ஒன்றன்பின் ஒன்றாகப் பல குப்பிகளை உடைக்க வேண்டும், செலவும் கூடும், நேரமும் போகும். மருந்து நிறுவனங்கள் இதை எதிர்த்து வழக்குப் போட்டன. 2017-இல் சென்னை உயர் நீதிமன்றம் கட்டுப்பாடு செல்லும் என்றது. நீலகிரிக்குக் கீழே மோயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறு கழுகுகள் இன்னும் வட்டமிடுகின்றன. எண்ணிக்கை சொற்பம்தான். ஆனால் இருக்கின்றன.

இதைப் படித்த நாளிலிருந்து வீட்டிலும் நான் இப்படித்தான் யோசிக்கிறேன். தெரியாமல் நடப்பதற்கு நோட்டீஸ், தெரிந்து நடப்பதற்குக் குப்பியின் அளவு. பினாயில் பாட்டிலை மாற்றி, பெரிய எழுத்தில் 'விஷம்' என்று எழுதி மேல் அலமாரியில் வைத்தாயிற்று. பத்து வயது அண்ணன் மகன் செல்போனில் ஒரு மணி நேரம் என்று வாங்கி மூன்று மணி நேரம் பார்க்கிறான். அவனுக்குக் கண் கெட்டுவிடும் என்று எட்டாவது தடவை சொல்வதில் அர்த்தமில்லை, அது அவனுக்கே மனப்பாடம். ஒரு மணி நேரத்தில் தானாகப் பூட்டிக்கொள்கிற மாதிரி போனில் அளவு வைத்துக் கொடுத்தோம். திட்டும் குறைந்தது, பார்ப்பதும் குறைந்தது.

மிக்ஸிக்குக் காயில் மாற்றி, புது பிரஷ் போட்டுத் தந்தார் தெருமுனை அண்ணன். போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி அடை. அம்மா மூன்று ஈடாகத்தான் அரைத்தார். ஆனாலும் இரண்டாவது ஈட்டில் பருப்பு கொஞ்சம் கூடிவிட்டது போல, மிக்ஸி இழுத்து நின்றது. அம்மாவின் கை பழக்கத்தில் அடியே போனது. அப்புறம் தானாகவே விலகிக்கொண்டது. ப்ளக்கைப் பிடுங்கி, ஜாரிலிருந்து பாதி மாவைப் பாத்திரத்தில் வழித்துவிட்டு, "அது ஆறட்டும்" என்று சொல்லிவிட்டு மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போனார்.